வாத்துத் துப்பாக்கிக்குள் ஒரு கட்டை

நம்ம நேயர் ஒருத்தர் அமெரிக்காவிலிருந்து ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஆபீஸ் நண்பர்கள் அவரை வாத்து வேட்டைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பயிற்சி வகுப்பு, லைசென்ஸ் எல்லாம் முடிச்சாச்சு. "செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் ஒண்ணு வாங்கலாம்னு கடைக்குப் போனேன். கேஸா, இனர்ஷியாவான்னு கேட்டாங்க. மூணு இன்ச்சா, மூன்றரை இன்ச்சான்னு கேட்டாங்க. ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் காட்டி, இதை உள்ளேயே வெச்சிருங்க, எடுத்தா ஃபைன்னு சொன்னாங்க. இதுக்கெல்லாம் பின்னாடி ஒரு கதை இருக்கணுமே?"

இருக்கு. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வாத்து சுடுற துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிற வேலையே நமக்கு இல்லை. ஆனா அந்தக் கடைக்காரர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் கடந்த 120 வருஷத்தில் வட அமெரிக்கப் பறவைகளுக்கு என்ன நடந்தது என்பதோட மிச்சம். அதனால்தான் இந்த எபிசோட்.

ஷாட்கன் என்றால் என்ன என்பதை வேகமா பார்த்துடுவோம். ரைஃபிளில் ஒரு தோட்டா, ஒரு குண்டு. ஷாட்கன் தோட்டாவுக்குள்ள நிறைய சின்ன ரவைகள் இருக்கும். நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ்னு சொல்லுவாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சுட்டதும் விரிஞ்சு போகும். பறக்கிற பறவையை ஒற்றைக் குண்டால அடிக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால் நீர்ப்பறவை வேட்டைக்கு ஷாட்கன்தான். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இரட்டைக் குழல்: இரண்டு தடவை சுடலாம், அப்புறம் மடக்கித் திரும்ப நிரப்பணும். பிறகு பம்ப் வந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளணும். செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தணும், அவ்வளவுதான். காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றுவதைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும்.

இதை முதன்முதலில் ஒழுங்காக ஓட வைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1855-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் பிறந்தவர். அப்பா துப்பாக்கி செய்பவர். பிரௌனிங்கின் யோசனை கேட்க எளிமையானது. துப்பாக்கி சுடும்போது தோளில் ஒரு உதை வரும் இல்லையா, அந்த உதையையே வேலைக்காரனா வெச்சுக்கலாம்! குழலும் போல்ட்டும் ஒண்ணாகப் பின்னாடி ஓடும். குழல் மட்டும் முதலில் முன்னாடி திரும்பும். அந்த இடைவெளியில் காலித் தோட்டா வெளியே விழும். போல்ட் திரும்பி வரும்போது புதுத் தோட்டாவைக் கொண்டு வரும். 1900-ல் காப்புரிமை வாங்கினார். குழாய் மேகசினில் நான்கு, குழலில் ஒன்று, மொத்தம் ஐந்து தோட்டா. பின்னாளில் இதற்கு ஆட்டோ-5 என்ற பெயர் நிலைத்தது. பின்பக்கம் சதுரமாக முதுகு தூக்கினாற்போல இருப்பதால் வேட்டைக்காரர்கள் 'ஹம்ப்பேக்' என்று கூப்பிட்டார்கள்.

இப்போ கம்பெனி அரசியல். அதுவரை கிட்டத்தட்ட இருபது வருஷமாக பிரௌனிங் தன் வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு மொத்த விலைக்கு விற்று வந்தார். காசு வாங்கினார், மறந்தார். இந்தத் தடவை அவர் ராயல்டி கேட்டார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பங்கு. வின்செஸ்டரின் தலைவர் டி. ஜி. பென்னெட் முடியாது என்றார். 1902 ஜனவரியில் பிரௌனிங் போட்டி நிறுவனமான ரெமிங்டனின் வாசலில் போய் உட்கார்ந்தார். அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்கக் காத்திருந்தபோதே, ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. சினிமாவில் வெச்சா நம்ப மாட்டோம்.

பிரௌனிங் மாதிரித் துப்பாக்கியோடு கப்பல் ஏறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை ஏற்கெனவே அவருடைய கைத்துப்பாக்கியைச் செய்துகொண்டிருந்தது. 1902 மார்ச்சில் ஒப்பந்தம். அமெரிக்காவில் விற்க 10,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தவரும் பிரௌனிங்கே. பிறகு இறக்குமதி வரி பிரச்சினையானதும் ரெமிங்டனுக்கே உரிமம் கொடுத்தார். 1905-லிருந்து அவர்கள் அதே வடிவத்தை அமெரிக்காவில் செய்தார்கள்.

வேண்டாம் என்று சொன்ன வின்செஸ்டர் என்ன ஆனது? பிரௌனிங்கின் காப்புரிமைகளை மீறாமல் ஒரு செமி ஆட்டோமேட்டிக் செய்ய அவர்களுக்கு 1911 வரை ஆனது. அந்த 1911 மாடலில் போல்ட்டை இழுக்கக் கைப்பிடியே கிடையாது. குழலையே பிடித்துப் பின்னாடி தள்ளணும். அன்றைய தோட்டாக்கள் காகிதக் கூடு. ஈரத்தில் ஊதிச் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் சிலர் துப்பாக்கியின் அடிப்பகுதியைத் தரையில் ஊன்றி, குழலை இரண்டு கையாலும் கீழே அழுத்தினார்கள். குழல் வாய் எங்கே பார்த்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. அந்தத் துப்பாக்கிக்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, இவ்வளவு நேரம் மனுஷங்களைப் பற்றியே பேசிட்டோம். அந்தப் பக்கம் வாத்துகள் என்ன நிலைமையில் இருந்தன?

மோசமான நிலைமை. கிழக்குக் கடற்கரையில் செசபீக் விரிகுடா. அங்கே நீருக்கடியில் வளரும் காட்டுச் செலரியைத் தின்று கொழுத்த கேன்வாஸ்பேக் வாத்துக்கு பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் ஓட்டல்களில் அப்படி ஒரு மவுசு. ரயிலும் ஐஸும் வந்த பிறகு, காலையில் சுட்டதைத் தூரத்து நகரத்துக்கு அனுப்பி விற்க முடிந்தது. வேட்டை ஒரு தொழிலானது. இந்தத் தொழில்காரர்களிடம் படகோடு கட்டிய பீரங்கி மாதிரி துப்பாக்கிகள் இருந்தன. பண்ட் கன் என்று பெயர். இரவில், தூங்கும் வாத்துக் கூட்டத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் படகைத் தள்ளிப் போய், ஒரே சூட்டில் டஜன் கணக்கில் கொல்வார்கள். லாப்ரடார் வாத்து என்ற இனம் 1870-களிலேயே காணாமல் போயிருந்தது. கூட்டமாகப் பறந்தால் வானத்தையே மறைத்த பாசஞ்சர் புறா இனத்தின் கடைசிப் பறவை, 'மார்த்தா', 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது.

இந்த நேரத்தில்தான் ஐந்து தோட்டா செமி ஆட்டோமேட்டிக் கடைக்கு வருது. பலருக்கு வயிற்றைக் கலக்கியது. நியூயார்க் மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே கொதித்துப் போனார். பம்ப், ஆட்டோமேட்டிக் இரண்டையுமே வேட்டையிலிருந்து தடை செய்யணும் என்று பல வருஷம் எழுதினார், பேசினார். பென்சில்வேனியா மாநிலம் 1907-லேயே வேட்டைக்கு ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைத் தடை செய்தது. எதிர்ப்பக்கத்து வாதம் நமக்கும் பழக்கமான ஒண்ணுதான்: துப்பாக்கி என்ன செய்யும், பிடிச்சிருக்கிற கைதான் செய்யுது.

இதில் எனக்கு இரண்டு பக்கமும் முழுசா ஒப்பவில்லை. வாத்துகளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பிரௌனிங்கின் துப்பாக்கி இல்லை. அது வருவதற்கு முன்னாடியே நாசம் நடந்து முடிந்திருந்தது. சந்தையும் ரயிலும் பண்ட் கன்னும் செய்த வேலை அது. ஆனா, 'கைதான் காரணம்' என்பதும் பாதி உண்மைதான். ஒரு கூட்டம் மேலெழும்பிப் பறந்து போகும் அந்தச் சில நொடிகளில் இரண்டு தடவை சுட முடிவதும் ஐந்து தடவை சுட முடிவதும் ஒன்றல்ல. அதே கை, அதே மனசு; ஆனா தண்ணியில் விழும் பறவைகளின் எண்ணிக்கை வேற.

சட்டங்கள் மெல்ல வந்தன. மாநிலச் சட்டத்தை மீறிச் சுட்டதை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோவது குற்றம் என்றது 1900-ல் வந்த லேசி சட்டம். 1916-ல் அமெரிக்கா, கனடாவுக்காக பிரிட்டனோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. பறவைகள் வசந்தத்தில் வடக்கே போய் கனடாவில் முட்டையிட்டு, இலையுதிர்காலத்தில் தெற்கே வருகின்றன. ஒரு நாடு மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. அதைச் செயல்படுத்த 1918-ல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. சந்தைக்காக வேட்டையாடுவது இதோடு சட்டப்படி முடிந்தது. மிசௌரி மாநிலம், 'எங்க மாநிலத்துப் பறவை எங்களுக்கு' என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1920-ல் தோற்றது. இன்னைக்கு இங்க, நாளைக்கு ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் பறவை எந்த மாநிலத்தின் சொத்து?

இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்தர் ஒரு நாளைக்கு 25 வாத்து சுடலாம் என்றுதான் விதி இருந்தது.

அப்புறம் 1930-கள். பெரும் வறட்சி. வாத்துகளின் தொட்டில் என்று சொல்லப்படும் வடக்குப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குட்டைகள் உண்டு. பலவற்றை விவசாயத்துக்காக ஏற்கெனவே வடித்திருந்தார்கள். மிச்சமிருந்ததையும் வெயில் குடித்துவிட்டது. முட்டையிட இடமில்லை. வாத்து எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனது.

1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறைக்குத் தலைவராக ஒரு கார்ட்டூனிஸ்ட்டைப் போட்டார். நிஜமாவே! ஐயோவா மாநிலத்துக்காரர், ஜே 'டிங்' டார்லிங். புலிட்சர் பரிசு வாங்கியவர், எதிர்க்கட்சிக்காரர், கார்ட்டூனில் ரூஸ்வெல்ட்டைக் கிண்டலடித்தவர். முக்கியமா, அவரே வாத்து வேட்டைக்காரர். இரண்டு வருஷம்கூடப் பதவியில் இல்லை. ஆனா அந்தக் கொஞ்ச காலத்தில் நடந்ததைப் பாருங்க. வாத்து வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒரு டாலருக்கு 'டக் ஸ்டாம்ப்' வாங்கியாகணும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களுக்கு. முதல் ஸ்டாம்பின் படத்தை டார்லிங்கே வரைந்தார், தண்ணியில் இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகள். முதல் வருஷம் 6,35,001 ஸ்டாம்ப் விற்றது.

1935-ல் விதிகள் இறுகின. சீசன் 30 நாள். ஒரு நாளைக்கு 10 வாத்து. தானியம் தூவி இழுத்துச் சுடக் கூடாது. உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து மற்ற வாத்துகளை இறக்கக் கூடாது. பழைய தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு, பார்வை. பார்வைப் பறவை, பார்வை மான் என்று சொல்வார்கள். அந்தப் பார்வை வாத்துக்குத் தடை. கூடவே, ஷாட்கன்னில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது.

கவனிங்க, ஹார்னடே கேட்ட மாதிரி துப்பாக்கியைத் தடை செய்யவில்லை. அதன் வயிற்றைச் சுருக்கினார்கள். மேகசின் குழாய்க்குள் ஒரு கட்டையைச் செருகினால் நான்கு தோட்டா போகும் இடத்தில் இரண்டுதான் போகும். குழலில் ஒன்று சேர்த்தால் மூன்று. ரெமிங்டன் ஏற்கெனவே 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்ற பெயரில் மூன்று தோட்டா மாடல் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. நாகரிகமான வேட்டைக்காரனுக்கு மூணு போதும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இன்றைய சட்டத்தில் அந்தக் கட்டைக்கு வரையறையே இருக்கு: ஒரே துண்டாக இருக்கணும், துப்பாக்கியைக் கழற்றாமல் வெளியே எடுக்க முடியாததா இருக்கணும். நம்ம நேயருக்குக் கடையில் காட்டிய பிளாஸ்டிக் குச்சி இதுதான்.

ஒரு ஒப்பீட்டுக்கு நம்ம பக்கம் பார்ப்போம். அமெரிக்காவில் இந்த விதி வந்து மூன்று வருஷம் கழித்து, 1938 நவம்பர் 12 அன்று, ராஜஸ்தானின் பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோவுக்காக ஒரு வேட்டை நடந்தது. ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்தக் கணக்கு இன்றும் அங்கே கல்வெட்டில் இருக்கு. இப்போது அந்த இடம் கேவலாதேவ் தேசியப் பூங்கா.

அடுத்து, மூணு இன்ச்சா மூன்றரையா என்ற கேள்வி. இதற்குக் காரணம் ஈயம்.

வாத்துக்குப் பல் இல்லை. சின்னக் கற்களை விழுங்கி வைத்துக்கொண்டு, தசை கெட்டியான இரைப்பையில் தானியத்தை அரைக்கும். பல வருஷம் வேட்டை நடந்த குட்டையின் அடியில் ஈய ரவை கொட்டிக் கிடக்கும். வாத்து அதையும் கல் என்று நினைத்து விழுங்கும். ரவை அரைபட்டு ரத்தத்தில் கலக்கும். குண்டு படாத வாத்தும் குண்டால் சாகும். இது 1894-லேயே ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுதிய விஷயம். 1959-ல் ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற ஆய்வாளர், நீர்ப்பறவைகளில் வருஷத்துக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படிச் சாகின்றன என்று மதிப்பிட்டார்.

முதல் எச்சரிக்கையிலிருந்து நாடு முழுக்கத் தடை வர எவ்வளவு நாள்? 1991 வரை. கிட்டத்தட்ட நூறு வருஷம்! வேட்டைக்காரர்களில் பெரும்பகுதி எதிர்த்தது. எஃகு ரவை குழலைக் கெடுக்கும், பறவையைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் என்றார்கள். 1978-ல் நாடாளுமன்றமே, மாநிலங்கள் ஒப்புக்கொள்ளாமல் தடையை அமல்படுத்தக் கூடாது என்று முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் விஷயத்தை நகர்த்தியது வாத்து இல்லை, கழுகு. ஈயம் ஏறிய வாத்துகளைத் தின்று அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகுகள் செத்தன, வழக்கு போனது, 1987-லிருந்து படிப்படியாகத் தடை வந்தது. டக் ஸ்டாம்பில் பெருமைப்படும் வேட்டைச் சமூகம் இந்த அத்தியாயத்தையும் சேர்த்துச் சொல்லணும்னு எனக்குத் தோணுது.

எஃகு வந்ததும் துப்பாக்கி மாறியது. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 7.8. அதே அளவு ரவை லேசா இருக்கு, சீக்கிரம் வேகம் இழக்குது. ஈடுகட்டப் பெரிய ரவை போட்டார்கள். பெரிய ரவைக்குத் தோட்டாவில் அதிக இடம் வேணும். 1988-ல் மூன்றரை இன்ச் தோட்டா வந்தது. 1991-ல் இத்தாலியின் பெனெல்லி நிறுவனம், இந்த மூன்றரை இன்ச்சையும் சுடும் செமி ஆட்டோமேட்டிக்கை, சூப்பர் பிளாக் ஈகிளை, கொண்டு வந்தது. அந்தப் பக்கம், பழைய பெல்ஜியம் ஆட்டோ-5 குழல்களில் எஃகு ரவை சுட வேண்டாம் என்று பிரௌனிங் நிறுவனமே சொல்கிறது. தாத்தாவின் துப்பாக்கி சுவரில் மாட்ட வேண்டியதாச்சு.

இப்போ கேஸ், இனர்ஷியா. கேஸ் வகையில் குழலில் சின்னத் துளைகள் இருக்கும். வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே வந்து பிஸ்டனைத் தள்ளி வேலையை முடிக்கும். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இதைப் பரவலாக்கியது. உதை கொஞ்சம் மெதுவாகப் பரவி வருவதால் தோளுக்குச் சுகம். ஆனா புகைக்கரி உள்ளே படியும், அடிக்கடி துடைக்கணும். இனர்ஷியா வகை இத்தாலியப் பொறியாளர் புரூனோ சிவோலானியின் யோசனை. 1967-ல் தொடங்கிய பெனெல்லி அதை வைத்தே வளர்ந்தது. நின்னுக்கிட்டே பஸ்ஸில் போகும்போது டிரைவர் சட்டுனு வண்டியை எடுத்தா என்ன ஆகும்? பஸ் முன்னாடி போகும், நீங்க இருந்த இடத்திலேயே இருக்கப் பார்ப்பீங்க. அதே மாதிரி, சுட்டதும் துப்பாக்கி பின்னாடி வரும், உள்ளே இருக்கும் போல்ட் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இடையில் ஒரு கெட்டி ஸ்பிரிங் அமுங்கும். அது விரிந்து போல்ட்டைப் பின்னாடி எறியும். பாகங்கள் குறைவு, கரி குறைவு, எடை குறைவு. ஆனா தோளில் உதை அதிகம்.

நேயருக்கு என் பதில்: சேறு, உப்புக்காற்று, உறையும் குளிர், தினமும் துடைக்கச் சோம்பல் என்றால் இனர்ஷியா. புதுசா பழகுறீங்க, உதையில் தோள் சுருங்கினால் குறி தப்பும் என்றால் கேஸ். எனக்குக் கேட்டா, முதல் துப்பாக்கிக்குக் கேஸ்தான். மூன்றரை இன்ச், எஃகின் ஆரம்பகாலப் பயத்தில் பிறந்தது. இன்றைய எஃகுத் தோட்டாக்கள் வேகமானவை, பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகளும் இருக்கு. வாத்துக்கு மூணு இன்ச் போதும். அந்தக் குச்சியைத் தொடாதீங்க. அதிகாரிகள் சதுப்பு நிலத்திலேயே வந்து மேகசினுக்குள் மூணாவது தோட்டா போகுதான்னு அழுத்திப் பார்ப்பார்கள். நீங்க கொடுக்கும் விலைக்குள் 11 சதவீதம் மத்திய வரியும் இருக்கு. 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி அது காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

பலன் இருந்ததா? 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு, 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா கிட்டத்தட்ட 300 கோடி பறவைகளை இழந்துவிட்டது என்று சொன்னது. புல்வெளிப் பறவைகளுக்குப் பலத்த அடி. ஆனா வாத்தும் கூஸும் அதே காலத்தில் 56 சதவீதம் கூடியிருந்தன. வரியும் ஸ்டாம்பும் சதுப்பு நிலமும் யாருக்காகப் பேசினவோ, அவை மீண்டன. குருவிக்கும் வானம்பாடிக்கும் ஸ்டாம்ப் வாங்க ஆள் இல்லை.

கூடியதில் ஒண்ணு கொஞ்சம் அளவுக்கு மீறியே கூடியது. ஸ்னோ கூஸ். குளிர்காலத்தில் தெற்கே சோள, நெல் வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று பெருகி, கோடையில் ஹட்சன் விரிகுடா பக்கத்துத் துந்திரப் புல்லை வேரோடு பிடுங்கித் தரிசாக்கியது. மற்ற பறவைகளுக்கும் அங்கே இடமில்லாமல் போனது. அதனால் 1999-ல் அமெரிக்கா ஒரு விதிவிலக்கு கொண்டு வந்தது. வழக்கமான நீர்ப்பறவைச் சீசன் எல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கூஸ் வகைகளுக்கு மட்டும், எலக்ட்ரானிக் குரல் எழுப்பிக் கூப்பிடலாம், மூன்று தோட்டா வரம்பும் கிடையாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைக் கழற்றி, 1935-ல் இருந்து உள்ளே இருக்கும் அந்தக் கட்டையை எடுத்து வெளியே வைக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் வாத்துச் சீசன் திறக்கும் முன்னாடி, அதைத் தேடி எடுத்துத் திரும்ப உள்ளே போடணும்.